கொழும்பில் கேஷ் தேடப் போக ஜி.எஸ்.ஏ.கே டேட்டாபேஸை எப்படி ஒழுங்காக வைத்திருப்பது?

கடலோரப்பயணி (வெள்ளவத்தை) கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். ஜியோகேஷிங்கில் (மற்றவர்கள் ஒளித்து வைத்த டப்பாவை, அதாவது கேஷை, ஜி.பி.எஸ் வைத்துத் தேடும் விளையாட்டு) பிரீமியம் கணக்கு இருக்கிறது. லப்டொப்பில் கேஷ் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் ஜி.எஸ்.ஏ.கே மென்பொருளைப் போட்டிருக்கிறேன். வெளியே கொண்டு போவது கார்மின் ஈட்ரெக்ஸ் 30 ஜி.பி.எஸ் கருவி, அதோடு ஒரு அன்ட்ரொயிட் போன். வாரா வாரம் பொக்கெட் குவெரி (தளம் தரும் கேஷ் பட்டியல் கோப்பு) எடுத்து ஜி.எஸ்.ஏ.கேயில் ஏற்றுகிறேன், ஆனாலும் நாலு இடத்தில் சிக்கல்:

1. எப்போதோ ஆர்க்கைவ் ஆன (தளத்தில் நிரந்தரமாக மூடப்பட்ட) கேஷ்கள் டேட்டாபேஸில் இன்னும் உயிரோடு நிற்கின்றன. புதுக் கோப்பை ஏற்றினாலும் போவதில்லை.

2. வெள்ளவத்தையை மையமாக வைத்து 10 கி.மீ. வட்டம் போட்டால் பாதி வட்டம் கடலுக்குள். எனக்கு வேண்டியது கோட்டையிலிருந்து கல்கிசை வரை கரையோரம் மட்டும்.

3. விடை கண்டுபிடித்த மிஸ்டரி (புதிர்) கேஷ்களின் சரியான இடத்தை ஜி.எஸ்.ஏ.கேயில் மாற்றி வைத்தேன். அடுத்த வாரம் கோப்பு ஏற்றியதும் பழைய இடத்துக்கே போய்விட்டது.

4. ஓகஸ்டில் டொரொன்டோ போக இருக்கிறோம். அங்கே குவெரி 1000த்தோடு நின்றுவிடுகிறது. மிச்சத்தை எப்படி எடுப்பது?

---

பேரேவாவி (கொள்ளுப்பிட்டி):

முதலாவது சிக்கல்தான் தலையானது, அதனால் அதை விளக்கமாகச் சொல்கிறேன்.

பொக்கெட் குவெரி ஆர்க்கைவ் ஆன கேஷ்களை அனுப்பாது. "இது போய்விட்டது" என்ற தகவலும் கோப்பில் இருக்காது, கேஷ் பேசாமல் விடுபட்டுப் போகும், அவ்வளவுதான். ஜி.எஸ்.ஏ.கேயோ கோப்பில் வந்தவற்றை மட்டும் புதுப்பிக்கும், வராதவற்றைத் தொடாது. அதனால்தான் போன வருடம் எடுக்கப்பட்ட டப்பா உங்கள் பட்டியலில் இன்னும் நிற்கிறது.

ஒவ்வொரு கேஷுக்கும் "லாஸ்ட் ஜி.பி.எக்ஸ் அப்டேட்" என்று ஒரு திகதி இருக்கிறது (ஜி.பி.எக்ஸ் என்பது குவெரி வரும் கோப்பு வகை). புதுக் கோப்பை ஏற்றியவுடன் ஃபில்டரில் திகதிப் பக்கத்துக்குப் போய், அந்தத் திகதி இன்றைக்கு முந்தியதாக உள்ளவற்றை மட்டும் எடுங்கள். இந்த வாரக் குவெரியில் வராதவை அத்தனையும் வரிசையாக வரும். வராமல் போனதற்கு மூன்று காரணம் இருக்கலாம்: ஆர்க்கைவ் ஆகியிருக்கும், குவெரியில் "நான் கண்டுபிடிக்காதவை" என்று போட்டிருந்தால், நீங்களே அதைக் கண்டுபிடித்து லொக் (தளத்தில் பதிவு) எழுதியிருப்பீர்கள், அல்லது குவெரி 1000த்தைத் தொட்டு விளிம்பு வெட்டுப்பட்டிருக்கும். மையப்புள்ளி வைத்து எடுக்கும் குவெரி கிட்ட உள்ளவற்றிலிருந்து எண்ணிக்கொண்டு போகும், ஆகவே வெட்டுப்படுவது தூரத்தில் உள்ளவை. விளிம்பில் உள்ள கேஷ் ஒரு வாரம் வரும், மறுவாரம் வராது. அதைச் செத்த கேஷ் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். தளத்தில் குவெரியின் பிரிவியூவில் (முன்காட்சியில்) எண்ணிக்கை சரியாக 1000 என்று நின்றால் அந்தக் குவெரியை நம்பிச் சுத்தம் செய்யக் கூடாது. வட்டத்தைச் சுருக்கி, 1000த்துக்குக் கீழே கொண்டு வந்த பிறகு செய்யுங்கள்.

ஃபில்டரில் விழுந்தவற்றை உடனே அழிக்க வேண்டாம். "ஜியோகேஷிங் டொட் கொம் அக்ஸஸ்" மெனுவில் ஸ்டேட்டஸ் செக் ஓட விட்டால், ஒவ்வொன்றும் ஆர்க்கைவா, தற்காலிகமாக நிறுத்தப்பட்டதா, நடப்பில் இருக்கிறதா என்று தளத்திலிருந்தே கேட்டு வரும். பத்துப் பதினைந்துதான் என்றால் பக்கத்தைத் திறந்து கையாலேயே பார்த்துவிடலாம். ஆர்க்கைவ் என்று உறுதியானதை மட்டும் நீக்குங்கள்.

கண்டுபிடித்தவற்றுக்குத் தனி டேட்டாபேஸ் வையுங்கள். "மை ஃபைன்ட்ஸ்" குவெரியை அதில் மட்டும் ஏற்றுங்கள். அந்தக் கோப்பில் ஆர்க்கைவ் ஆனவையும் வரும், அதைத் தேடல் டேட்டாபேஸில் போட்டால் மேலே சொன்ன சுத்தம் செய்யும் வேலை முழுக்கக் குழம்பும்.

இனி மிஸ்டரி. கேஷின் ஆள்கூற்றைச் சாதாரணமாக எடிட் பண்ணினால் அடுத்த ஏற்றத்தில் அது மேலெழுதப்படும். வரியில் வலது கிளிக் செய்து "கரெக்டட் கோஓர்டினேட்ஸ்" என்ற தனிப் பெட்டியில் போடுங்கள். அங்கே போட்டதை ஜி.எஸ்.ஏ.கே காப்பாற்றும், கார்மினுக்கு அனுப்பும்போதும் அதையே அனுப்பும். அதே எண்ணைத் தளத்தில் கேஷ் பக்கத்திலும் திருத்தி வையுங்கள். அப்போது குவெரியிலேயே திருத்திய இடம் வரும், போனிலும் அதே இடம் தெரியும். ஒரு இடத்தில் மட்டும் திருத்தினால் கார்மின் ஒரு பக்கம் காட்டும், போன் வேறு பக்கம் காட்டும்.

ஈட்ரெக்ஸ் 30 பற்றி ஒன்று. அது காட்டக்கூடியது 2000 கேஷ் வரைதான். கார்மின் ஃபோல்டருக்குள் உள்ள ஜி.பி.எக்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் எல்லாக் கோப்பையும் அது வாசிக்கும். போன மாதக் கோப்பு அங்கே கிடந்தால், டேட்டாபேஸை எவ்வளவு சுத்தம் செய்தாலும் பழைய கேஷ் திரையில் வரத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் ஒரே பெயரில் ஏற்றுமதி செய்து பழையதன் மேலேயே எழுதுங்கள். குவெரி வரும் ஸிப் கோப்பை அப்படியே கொப்பி பண்ணினால் கருவி வாசிக்காது. ஜி.எஸ்.ஏ.கே ஸிப்பை நேரடியாக ஏற்றிக்கொள்ளும், அதில் உள்ள இரண்டாவது கோப்பையும் சேர்த்து எடுக்கும். அந்த இரண்டாவது கோப்பில்தான் வாகனம் நிறுத்தும் இடம், நடைபாதை தொடங்கும் இடம் போன்ற துணைப்புள்ளிகள் இருக்கின்றன. கையால் கொப்பி செய்பவர்கள் பெரும்பாலும் அதைத் தவறவிடுகிறார்கள். ஜி.ஜி.ஸெட் வகைக் கோப்பு கார்மினின் ஒரேகன் 600, ஜி.பி.எஸ்.மேப் 64 போன்றவற்றுக்கு, உங்கள் கருவிக்கு அல்ல.

கருவியில் "ஃபவுன்ட்" என்று அழுத்தியவை கார்மின் ஃபோல்டரில் ஜியோகேஷ் விசிட்ஸ் என்ற உரைக்கோப்பில் சேரும். வீட்டுக்கு வந்ததும் அதைத் தளத்தில் டிராஃப்டாக (வரைவாக) ஏற்றினால் திகதி, நேரத்தோடு வரிசையாக வரும். ஒவ்வொன்றாக லொக் எழுதிவிடலாம்.

---

வரைபடப்பிரியை (தெஹிவளை):

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். கரையோரத்துக்கு வட்டம் பொருந்தாது, கோடுதான் பொருந்தும். ஜி.எஸ்.ஏ.கே ஃபில்டரில் ஆர்க்/பொலி என்ற பக்கம் இருக்கிறது. அதில் புள்ளிகளை வரிக்கு ஒன்றாக ஒட்டி, கோட்டிலிருந்து எத்தனை கி.மீ. என்று கொடுத்தால் அந்தப் பட்டைக்குள் உள்ளவை மட்டும் நிற்கும்.

புள்ளிகளாகக் கரையோர ரயில் நிலையங்களையே வையுங்கள்: கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்தால் ஆள்கூறு கிடைக்கும். கொள்ளுப்பிட்டிக்குத் தெற்கே பாதை ஏறக்குறைய நேராகப் போவதால் நிலையத்துக்கு நிலையம் கோடு போட்டால் போதும், வளைவுக்கென்று இடையில் புள்ளி தேவையில்லை. கோட்டைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் மட்டும் காலி முகத்திடலில் ஒரு புள்ளி கூடுதலாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கோடு உள்ளே விலகி, திடலின் மேற்கு ஓரம் பட்டைக்கு வெளியே போகப் பார்க்கும். அகலம் 0.6 கி.மீ. போட்டால் காலி வீதியும் அதற்கு உள்ளே ஒன்றிரண்டு ஒழுங்கைகளும் அடங்கும். 1 கி.மீ. போட்டால் டுப்ளிகேஷன் வீதியைத் தாண்டி உள்ளே போய்விடும், அது வேறு நாளுக்கு.

ஃபில்டர் போட்ட பிறகு பலரும் விட்டுவிடுகிற ஒரு வேலை இருக்கிறது. மையப்புள்ளியை வீட்டிலிருந்து மாற்றுங்கள். லொகேஷன்ஸ் பட்டியலில் கல்கிசை நிலையத்தைச் சேர்த்து அதை மையமாக்கி, தூரத்தின்படி வரிசைப்படுத்துங்கள். கரை ஒரே கோடாக இருப்பதால் அந்த வரிசையே நடக்கும் வரிசை ஆகிவிடும்: முதலில் கல்கிசை, கடைசியில் கோட்டை. ரயிலில் கல்கிசைக்குப் போய் இறங்கி வடக்கே நடந்து வரலாம், எந்த இடத்தில் களைத்தாலும் பக்கத்து நிலையத்தில் ஏறிவிடலாம். காலையில் போனால் மரைன் டிரைவில் கிழக்குப் பக்கக் கட்டிடங்களின் நிழல் வீதியில் விழும். பின்னேரம் போனால் முழு வெயிலும் கடல் பக்கத்திலிருந்து முகத்தில்தான்.

மென்பொருள் காட்டுவது ஆகாயத் தூரம். 80 மீட்டர் என்று எழுதியிருக்கும், நடுவில் தண்டவாளமோ வெள்ளவத்தைக் கால்வாயோ இருக்கும். கால்வாயைத் தாண்டப் பாலம் வரை போய்த் திரும்பி வந்தால் அதுவே 700, 800 மீட்டராகும். அதனால் கூகுள் ஏர்த்துக்கு ஏற்றுமதி செய்து, செய்மதிப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் நீரின், தண்டவாளத்தின் எந்தப் பக்கம் என்று பார்த்து, யூசர் நோட்டில் "கடல் பக்கம்", "தரைப் பக்கம்" என்று குறித்து வையுங்கள். தண்டவாளத்தின் மேலே நடந்து குறுக்கு வழி தேட வேண்டாம். அலைச் சத்தத்தில் பின்னால் வரும் ரயில் கேட்காது. முறையான கடவையால் மட்டும் கடவுங்கள்.

அந்தக் குறிப்புகளைத் தமிழில் எழுதினால் ஜி.எஸ்.ஏ.கேயில் தெரிந்தாலும் கார்மினில் கட்டம் கட்டமாக வரும், கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. கருவிக்குப் போகும் குறிப்பை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள்.

எங்கே, எப்போது என்பதையும் பட்டியலிலேயே தீர்க்கலாம். கோட்டைப் பக்கத்தில் பாதுகாப்பு நிலைகளுக்கு அண்மையில் உள்ள புள்ளிகளுக்கு யூசர் ஃப்ளாக் (அடையாளக் குறி) போட்டு, பகலில் மட்டும் போகும் பட்டியலாகத் தனியாக வையுங்கள். இருட்டில் ஒருவர் வேலி ஓரத்தில் குனிந்து தடவிக்கொண்டிருந்தால் காவலில் நிற்பவர் கேட்கத்தான் செய்வார், கேட்பதும் அவர் கடமை. கங்காராமை, பேரே வாவிச் சுற்றாடலை வெசாக் நாட்களில் விட்டுவிடுங்கள். அவ்வளவு சனத்துக்கு நடுவில் டப்பாவை எடுத்தால் இடம் அம்பலமாகிவிடும், பிறகு யாராவது தூக்கிப் போய்விடுவார்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வழக்கம், அந்த மாதங்களில் மதியத்துக்குள் முடிகிற அளவுக்குப் பட்டியலை வெட்டுங்கள்.

---

பேரேவாவி:

டொரொன்டோவை மறந்துவிட்டேன். 1000 என்பது ஒரு குவெரிக்கான எல்லை. ஒரு நாளைக்கு 10 குவெரி ஓட்டலாம். பகுதி பகுதியாக வட்டம் போட்டால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், இடைவெளியும் விழும். திகதியால் பிரிப்பதுதான் சுத்தம்.

தங்கப்போகும் வீட்டை மையமாக வைத்து ஒரு வட்டம், அது எல்லாக் குவெரிக்கும் ஒன்றே. முதல் குவெரியில் "வைக்கப்பட்ட திகதி" 2000 ஜனவரியில் தொடங்கட்டும். ஜியோகேஷிங் பிறந்ததே அந்த வருடம் மே மாதத்தில், அதனால் எதுவும் தப்பாது. முடிவுத் திகதியை முன்னும் பின்னும் நகர்த்தி, பிரிவியூவில் 950 அளவில் வரும்படி நிறுத்துங்கள். அடுத்த குவெரி அதற்கு மறுநாள் தொடங்கி, அதே மாதிரி. கடைசிக் குவெரியின் முடிவுத் திகதியை எதிர்காலத்தில் வைத்துவிடுங்கள்.

இப்படிப் பிரித்தால் பழைய துண்டுகள் வளரவே வளராது. 2009இல் வைக்கப்பட்ட கேஷ் இனிப் புதிதாக வரப் போவதில்லை, ஆர்க்கைவ் ஆகிக் குறையத்தான் செய்யும். புதிது எல்லாம் கடைசித் துண்டில் மட்டும் சேரும், அதை மட்டும் அவ்வப்போது பார்த்தால் போதும்.

போக ஒரு மாதம் முன்னரே எடுத்து வைத்து யோசிக்கலாம், ஆனால் புறப்படுவதற்கு முந்திய நாள் எல்லாத் துண்டையும் மீண்டும் ஓட்டி ஏற்றுங்கள். உருவான குவெரிக் கோப்பு தளத்தில் 7 நாள்தான் இருக்கும். டொரொன்டோவைக் கொழும்பு டேட்டாபேஸோடு கலக்காமல் தனி டேட்டாபேஸாக வையுங்கள். ஈட்ரெக்ஸின் 2000 எல்லைக்குள் வர, ஏற்றுமதி செய்யும் முன் ஃபில்டரில் நிலக்கடினம் (போய்ச் சேரும் சிரமம்) 3க்கு மேற்பட்டவற்றையும், கடைசி லொக் இரண்டும் "காணவில்லை" என்று உள்ளவற்றையும் கழியுங்கள். "லாஸ்ட் 4" நிரலில் பச்சை கண்டுபிடித்தது, சிவப்பு காணாதது, ஒரே பார்வையில் தெரியும்.

அந்தச் சிவப்பு விதியைக் கொழும்புக்கு அப்படியே போடாதீர்கள். இங்கே தேட வருபவர்களில் கணிசமானோர் சுற்றுலாப் பயணிகள், பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்றிரண்டு சிவப்பை வைத்துக் கேஷைக் கழித்தால் நல்ல கேஷும் போய்விடும். யார் தேடினார், எவ்வளவு நேரம் தேடினார் என்று லொக்கை வாசித்து முடிவு செய்யுங்கள். குவெரி ஒவ்வொரு கேஷுக்கும் கடைசி 5 லொக்தான் தரும். வாராவாரம் ஏற்றினால் பழையவை அழியாமல் ஜி.எஸ்.ஏ.கேயில் சேர்ந்துகொண்டே போகும், நாளடைவில் அதுவே பெரிய சொத்து. மாதம் ஒருமுறை பெக்கப் எடுத்து வேறு டிஸ்க்கில் போடுங்கள்.

---

கேஷ்தம்பி (மட்டக்குளி):

போன் பக்கத்துக்குக் கொஞ்சம். சி:ஜியோ என்ற அன்ட்ரொயிட் செயலி இலவசம், குவெரிப் பட்டியலைத் தளத்திலிருந்து நேரடியாகவே எடுக்கும். ஆனால் ஜி.எஸ்.ஏ.கேயில் வடித்த கோப்பையே ஒரு பட்டியலுக்குள் இறக்குமதி செய்வது நல்லது, இல்லாவிட்டால் நீங்கள் கழித்தவை எல்லாம் போனில் திரும்பி வரும். ஜி.பி.எக்ஸ் கோப்பில் படங்கள் இருக்காது. இறக்குமதி செய்த பிறகு வைஃபையில் இருக்கும்போதே பட்டியலை ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்தால் ஸ்பொய்லர் (ஒளித்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும்) படங்களும் வந்துவிடும். இலங்கை ஒஃப்லைன் வரைபடத்தையும் செயலிக்குள்ளேயே டவுன்லோட் பண்ணலாம். கிளம்பும் முன் விமானப் பயன்முறையைப் போட்டு, ஒரு கேஷைத் திறந்து குறிப்பு, படம், வரைபடம் மூன்றும் வருகிறதா என்று பாருங்கள். அந்த செயலிக்கு பற்றரி சேமிப்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்ததும் ஜி.பி.எஸ் தூங்கும்.

ஆள்கூற்றைக் கையால் அடிக்கும்போது ஒரு பொறி. கேஷ் பக்கத்தில் இருப்பது பாகையும் தசம நிமிடமும்: வடக்கு 06° 52.500, கிழக்கு 079° 51.600 என்ற மாதிரி. இதைக் கூகுள் மேப்ஸில் 6.52500, 79.51600 என்று அடித்தால், புள்ளி தெற்கே சுமார் 39 கி.மீ., மேற்கே சுமார் 38 கி.மீ. தள்ளிக் கடலுக்குள் விழும். நிமிடத்தை 60ஆல் வகுத்து 6.87500, 79.86000 என்று போட வேண்டும். கொழும்பில் நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் இரு திசையிலும் கிட்டத்தட்ட 1.85 மீட்டர். டொரொன்டோவில் கிழக்கு மேற்காக அது 1.3 மீட்டர் அளவுக்குச் சுருங்கும்.

கொழும்பு 1, 3 (கோட்டை, கொள்ளுப்பிட்டி) பக்கத்து உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வரும், அம்புக்குறி 20, 30 மீட்டர் அலையும். அங்கே எண்ணைத் துரத்தாமல், குறிப்பையும் படத்தையும் பார்த்துத் தேடுங்கள்.

---

கடலோரப்பயணி:

நன்றி அண்ணா, அக்கா, தம்பி. ஏற்றுமதி ஃபோல்டரில் பழைய கோப்பு ஐந்து கிடந்தது, இப்போது விளங்கியது. இன்னும் ஒன்று: நில அளவைத் திணைக்களத்தின் பழைய 1:50,000 தாள் ஒன்று கையில் இருக்கிறது. அதில் படித்த கட்ட எண்ணை ஜி.எஸ்.ஏ.கேயில் போட்டால் இடம் தள்ளி விழுகிறது. ஏன்?

---

வரைபடப்பிரியை:

தாள் கந்தவல டேட்டத்தில் (டேட்டம் என்பது ஆள்கூறுகளை அளக்கும் அடிப்படை) வரையப்பட்டது, கேஷ் எல்லாம் ஜி.பி.எஸ் பாவிக்கும் டபிள்யூ.ஜி.எஸ் 84இல். இரண்டும் வேறு வேறு நீள்கோளத்தில் உட்காருவதால், மாற்றாமல் போட்டால் கொழும்பில் இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளும், பெரும்பாலும் கிழக்கு மேற்காக.

முதலில் எந்தக் கட்டம் என்று எண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கொழும்புக் கோட்டை அளவில் கிழக்கு எண் 98,000 பக்கம், வடக்கு எண் 192,000 பக்கம் என்றால் பழைய கந்தவல கட்டம். 398,000, 492,000 பக்கம் என்றால் 1999ஆம் ஆண்டுப் புதிய கட்டம். இரண்டுக்கும் தொடக்கப்புள்ளி பிதுருதலாகலைப் பக்கம்தான். பழையதில் அந்தப் புள்ளிக்கு 200,000 என்றும் புதியதில் 500,000 என்றும் பெறுமானம் கொடுத்திருப்பதால் எண்கள் இப்படி மாறுகின்றன.

கியூ.ஜி.ஐ.எஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். அதில் பழையதற்கு ஈ.பி.எஸ்.ஜி (ஆள்கூற்று முறைக்கான குறியீட்டு எண்) 5234, புதியதற்கு 5235 என்று கொடுத்துப் புள்ளியை வைத்து, டபிள்யூ.ஜி.எஸ் 84க்கான 4326க்கு மாற்றி எடுத்தால் ஜி.எஸ்.ஏ.கேயில் போடக்கூடிய பாகை கிடைக்கும். கருவியில் டேட்டத்தைக் கந்தவலவுக்கு மாற்றிப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். திருப்பி மாற்ற மறந்தால், அதற்குப் பிறகு கையால் அடிக்கும் ஒவ்வொரு ஆள்கூறும் அதே அளவு தள்ளிப் பதிவாகும், திரையிலோ எந்தப் பிழையும் தெரியாது. கருவி எப்போதும் டபிள்யூ.ஜி.எஸ் 84லேயே இருக்கட்டும், மாற்றுவதை லப்டொப்பில் செய்யுங்கள்.